அரிசி மூட்டை வரை போன பாதங்கள்

எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் நான் முதலில் தரையைத்தான் பார்க்கிறேன். கூட வருகிறவர்கள் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து அவர்களும் குனிந்து தேடுவார்கள். என் மகளுக்கு மட்டும் விஷயம் தெரியும். "இங்க ஒண்ணும் ஒட்டல, நிமிந்து நடம்மா" என்று கையைப் பிடித்து இழுப்பாள்.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நான் வேலை பார்த்தேன். ஹெட் ஆபீஸ் சென்னையில். நாலைந்து ஊர்களில் கிளை. ரேக்கில் சாமான் அடுக்குவது, தேதி முடிந்ததை எடுத்து வைப்பது, எது எங்கே இருக்கிறது என்று வருகிறவர்களுக்குக் காட்டுவது இவ்வளவுதான் என் வேலை.

அது எனக்கு மூன்றாவது வேலை. முதல் வேலை ஜவுளிக்கடையில். ஒரு மணி நேரம் எல்லாப் புடவையையும் பிரிக்கச் சொல்லிவிட்டு, "சும்மா பாக்கத்தான் வந்தோம்" என்று எழுந்த ஒரு அம்மாவிடம், "அப்ப சும்மா மடிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்றேன். அன்று சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது செல்போன் கடை. முதலாளி என்னை "ஏய்" என்று கூப்பிட்டார். நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை.

என் மாமியார் வீடு கீழ்பென்னாத்தூர் பக்கம். நெல்லும் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், போடுகிற குடும்பம். நாங்கள் மட்டும் டவுனில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டினார். அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, என் நாத்தனார் எல்லார் முன்னாலும், "அண்ணி எந்தக் கடையிலயும் மூணு மாசம் தாங்க மாட்டாங்க" என்று சிரித்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "அடுத்த வேலையும் போச்சுன்னா வேலைங்கற பேச்சையே எடுக்க மாட்டேன், பேசாம ஊருக்கே வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டறேன்" என்று சபதம் போட்டுவிட்டேன். யாரும் கேட்காத சபதம். வாய் சும்மா இருந்தால்தானே.

இந்தக் கடையில் சேர்ந்தபோது மேனேஜர் சொன்ன முதல் விஷயம், மூன்று மாதம் பார்ப்போம், சரியாக இருந்தால் நிரந்தரம், இல்லையென்றால் நன்றி வணக்கம் என்பது. ஆக, நாத்தனார் சொன்ன அதே மூன்று மாதம். காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்துக்கொண்டேன்.

மேனேஜர் சேலத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி. எங்களை எல்லாம் "சிஸ்டர்" என்பார். கடையின் கேமராவை சென்னையில் உட்கார்ந்து யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. கேமராவுக்கு நேராக வந்தால் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார்.

அவர் சொன்ன இரண்டாவது விஷயம், சும்மா நிற்கிறவர்களை விடக்கூடாது. எடுக்காமல் கொள்ளாமல் ஒருவர் ஒரே இடத்தில் நின்றால் பக்கத்தில் போய், "என்ன வேணுங்க?" என்று கேட்க வேண்டும். கேட்டால் ஒன்று வாங்குவார்கள், இல்லையென்றால் கிளம்புவார்கள். இதில் நான் கெட்டிக்காரி. முதல் வாரமே ஷாம்பூ ரேக் முன்னால் நின்ற ஒரு பெண்ணை மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை ஒரு சரம் ஷாம்பூவைப் பிய்த்துக்கொண்டு விறுவிறுவென்று பில் போடப் போய்விட்டாள். தூரத்திலிருந்து மேனேஜர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

அந்தக் கடையில் விநோதங்களுக்குக் குறைவில்லை. கண்ணாடிக் கதவையும் ஏ.சி. குளிரையும் பார்த்ததும் கிராமத்திலிருந்து வருகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிடுவார்கள். "செருப்போடயே வாங்கக்கா" என்று நான் கூப்பிட்டால், "இருக்கட்டும்மா, உள்ள பளபளன்னு இருக்குதே" என்பார்கள். வெள்ளைக்காரர்களோ ரோட்டிலிருந்தே வெறுங்காலோடு வருவார்கள். கடைக்குள் செருப்புப் போட்டிருந்தது நாங்கள் வேலைக்காரர்கள் மட்டும்தான். அடி அண்ணாமலையிலிருந்து வருகிற ஒருவர், வாங்கிய சாமான்களில் மஞ்சளைத் தேடி எடுத்து முதலில் பில் போட வைப்பார். மௌன விரதம் இருக்கிற ஒரு வெள்ளைக்காரர் வெண்டைக்காயைக் காட்டி, ஒன்றை ஒடித்துக் காட்டி, முற்றலா பிஞ்சா என்று புருவத்தாலேயே கேட்பார். நான் பதிலுக்குத் தலையை ஆட்டுவேன். அவரிடம் மட்டும் எனக்குக் கோபமே வந்ததில்லை.

இரண்டாவது மாதம் ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே தரையில் ஒட்டுகிற ஸ்டிக்கர்கள், கூடவே ஒரு வரைபடம். கடைக்குள் நுழைகிறவர்கள் வலதுபக்கம் திரும்பி, சுவரோரமாகப் போய், பின்பக்கச் சுவரைத் தொட்டு, இடதுபக்கம் வழியாக பில்லிங்குக்கு வந்து சேர வேண்டும். அப்படி நடந்தால் எல்லா ரேக்கும் கண்ணில் படுமாம், வியாபாரம் கூடுமாம். வழி காட்டத்தான் ஸ்டிக்கர். மற்ற கிளைகளில் ஷூ போட்ட கால் தடம். திருவண்ணாமலை ஆன்மிக ஊர் என்பதால் எங்களுக்கு மட்டும் வெறுங்கால் தடம். ஐந்து விரலும் தெரிய, மஞ்சள் நிறத்தில்.

ஒட்டுகிற பொறுப்பு எனக்கு வந்தது. காலையில் கடை திறக்கும் முன்னால் வந்து, தரையைத் துடைத்துக் காயவிட்டு, வலது கால் இடது கால் என்று ஒவ்வொன்றாக ஒட்டினேன். பாதி வழியில், பின்பக்கச் சுவரில் அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கிற இடத்தில், ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது. சென்னையில் யாரோ சின்னக் கடைக்குக் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அரிசி மூட்டைகளைப் பார்த்தபடி கடைசி ஜோடிக் கால்கள் நின்றுவிட்டன. நானும் அங்கேயே நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அந்த இடத்தில் மேலிருந்து ஏ.சி. காற்று நேராக இறங்கும். வியர்த்த கழுத்து சில்லென்று ஆனது.

"மிச்சம் கூரியர்ல வரும் சிஸ்டர்" என்றார் மேனேஜர். வரவே இல்லை.

கதவைத் திறந்தோம். முதலில் உள்ளே வந்தது ஒரு பெரியவரும் அவர் மருமகளும். பெரியவர் தரையைப் பார்த்தார், அப்படியே நின்றார். பிறகு ஸ்டிக்கர் மேல் கால் படாமல் ஓரமாக ஒதுங்கி நடந்தார். மருமகள் குனிந்து முதல் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இன்னா சாமிம்மா இது?" என்று என்னைக் கேட்டார் பெரியவர்.

"சாமி இல்லீங்க, வழி காட்டறதுக்கு" என்றேன்.

"சாமியும் அதுக்குத்தானம்மா" என்று சொல்லிவிட்டு சோப்பு பக்கம் போய்விட்டார்.

அன்று முழுக்க இதே கூத்துதான். மஞ்சள் கலரில், வெறுங்காலாக, வாசலிலிருந்து உள்ளே போகிற மாதிரி பாதம் போட்டால் இந்த ஊரில் யார் மிதிப்பார்கள்? கிருஷ்ண ஜெயந்திக்கு வீட்டில் மாவில் பாதம் போடுகிறவர்கள்தானே எல்லாரும். ட்ராலி தள்ளுகிறவர்கள் சக்கரம் ஸ்டிக்கரில் ஏறாமல் வளைத்து ஓட்டினார்கள். பாதம் நடுவில் இருந்ததால் ஆள் எல்லாம் ஓரத்துக்குப் போனார்கள், ஓரத்தில் ரேக், ரேக்கில் இடித்து பிஸ்கெட் பாக்கெட் விழுந்தது. போதாக்குறைக்கு, ஒன்றிரண்டு பேரைத் தவிர யாரும் பாதம் போகிற திசையில் போகவில்லை. உள்ளே வந்ததும் இடதுபக்கம் திரும்பினார்கள். எதிரும் புதிருமாக வந்து அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இரண்டு ட்ராலி முட்டிக்கொண்டன. "நீங்க போங்க", "பரவால்ல நீங்க போங்க" என்று இருவரும் நின்றதில் பின்னால் ஏழெட்டு பேர் நின்றார்கள்.

இரண்டு வாரத்தில் வியாபாரம் கூடவில்லை, கொஞ்சம் கம்மிதான் ஆனது. மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏரியா மேனேஜர் நேர்ல வர்றாராம் சிஸ்டர். ஸ்டிக்கர் ஏன் வேலை செய்யலன்னு கேப்பாரு. ஒட்டினது நீங்க. நீங்களே பதில் சொல்லிடுங்க" என்றார். அவர் வருகிற தேதியைக் கேட்டேன். நான் வட்டம் போட்டு வைத்திருந்த தேதிக்கு இரண்டு நாள் முன்னால்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அனுப்பியது அவர்கள், வரைந்தது அவர்கள், குனிந்து முதுகு வலிக்க ஒட்டிய பாவத்துக்கு பதில் நான் சொல்ல வேண்டுமா? இரண்டு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற காட்சி கண்ணில் வந்ததால் விழுங்கிவிட்டேன்.

கோபத்தை விழுங்கிய இடத்தில் ஒரு கேள்வி முளைத்தது. பாதத்தை மிதிக்கவில்லை, சரி. ஆனால் ஏன் எல்லாரும் இடதுபக்கமே திரும்புகிறார்கள்?

ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் உள்பக்கம் கடையை வரைந்துகொண்டேன். வாசல், ரேக்குகள், பில்லிங், எல்லாம். ஒருவர் உள்ளே வந்தால் அவர் போகிற வழிக்கு ஒரு கோடு. வேலைக்கு நடுவில் அதை ரேக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்து, ஓடி ஓடிக் கோடு போட்டேன். இரண்டே நாளில் அட்டை முழுக்க மையாகிவிட்டது. எல்லாக் கோடும் ஒரே திசையில் சுற்றின. இடதுபக்கம் திரும்பி, நடுவில் இருக்கிற ரேக்குகளை வலதுகைப் பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு முழுச் சுற்று சுற்றி பில்லிங்குக்கு வந்தார்கள். எதையோ மறந்துவிட்டுத் திரும்பப் போகிறவர்கள்கூட இரண்டு அடி பின்னால் வைக்காமல் இன்னொரு முழுச் சுற்று சுற்றித்தான் வந்தார்கள்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றியே பழகின கால்கள் இவை. கோயிலுக்குள் போனாலும் அப்படித்தான், அரச மரத்தைச் சுற்றினாலும் அப்படித்தான். சென்னைக்காரர்கள் வரைந்து அனுப்பியது நேர் எதிர்ச்சுற்று. இந்த ஊர்க்காரர்களை அப்பிரதட்சிணமாக சோப்பு வாங்கச் சொல்கிறார்கள்!

இது உண்மையா, என் கற்பனையா என்று சோதிக்க ஆசை. அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல், கடைக்கு வந்து துவரம்பருப்பு வாங்கிவரச் சொன்னேன். பருப்பு வலதுபக்கம், வாசலிலிருந்து பத்தடிதான். மனிதர் இடதுபக்கம் திரும்பி, ஷாம்பூ, பினாயில், அரிசி எல்லாவற்றையும் தரிசித்துவிட்டுப் பருப்புக்கு வந்து சேர்ந்தார்.

"ஏன் இப்படி சுத்தி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா ஏன்? இப்படித்தான வரணும்" என்றார். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பௌர்ணமி அன்று வெளியூர்க் கூட்டம் வந்தது. அவர்களில் பலர் வலதுபக்கமும் திரும்பினார்கள், நடுவிலும் புகுந்தார்கள். அதையும் வேறு கலர் பேனாவில் குறித்துக்கொண்டேன். படிக்கிற காலத்தில் இவ்வளவு அக்கறையாக ஒரு நோட்டுப் போட்டிருந்தால் நான் எங்கேயோ இருந்திருப்பேன்.

இந்த ஆராய்ச்சிக்கு நடுவில்தான் பூவைப் பார்த்தேன். அரிசி மூட்டை முன்னால் நின்றுபோன அந்தக் கடைசி ஜோடிப் பாதத்தின் மேல், விரலுக்கு ஒன்றாக நாலைந்து மல்லிகை. கேமராவுக்குத் தெரிவதற்குள் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மறுநாளும் பூ. அதற்கு மறுநாள் ஒரு சிட்டிகை குங்குமமும் சேர்ந்தது. யார் என்று காத்திருந்து பார்த்தேன்.

ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கடைக்கு எதிரே ரோட்டோரம் கூடை வைத்துப் பூ கட்டி விற்கிறவள். அது கத்திரி வெயில் காலம், தார் ரோடு கொதிக்கும். மத்தியானம் சரியாக ஒரு மணிக்கு, கூடையைப் பக்கத்து இளநீர்க் கடையில் ஒப்படைத்துவிட்டு உள்ளே வருவாள். இடதுபக்கம் திரும்பி, சுற்றிவந்து, அரிசி மூட்டை முன்னால் நிற்பாள். மடியிலிருந்து பூவை எடுத்துப் பாதத்தில் வைப்பாள். பிறகு கைகூப்பிக் கண்ணை மூடினால் பத்து நிமிஷம் அசைய மாட்டாள். அவள் முகம் மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டே வரும். நான் எத்தனையோ கோயிலில் எத்தனையோ பேர் கும்பிடுவதைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு நிம்மதியை யார் முகத்திலும் பார்த்ததில்லை. போகும்போது ஒரு தீப்பெட்டியோ ஒரு பாக்கெட் உப்போ வாங்கிக்கொண்டு போவாள்.

எனக்கு அது என்னவோ செய்தது. ஸ்டிக்கர் தீர்ந்துபோன இடம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே வந்த பாதம் திரும்பிப் போகவில்லை, இங்கேயே நின்றுவிட்டது என்று அவள் நினைத்திருக்கலாம் இல்லையா? அப்படிப் பார்த்தால் நினைப்பதில் தப்பே இல்லை. நாலாம் நாளிலிருந்து நானும் அந்தப் பாதத்தை மிதிக்காமல் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். பூவை எடுப்பதையும் நிறுத்திவிட்டேன்.

பூ இருந்தால் சும்மா இருக்குமா ஊர்? மற்றவர்களும் கும்பிட ஆரம்பித்தார்கள். ஒருநாள் வெள்ளைப் புடவை கட்டின ஒரு வெள்ளைக்கார அம்மா, பூவைப் பார்த்துவிட்டு, அரிசி மூட்டைகளைப் பார்த்தபடி சம்மணம் போட்டு உட்கார்ந்து தியானத்தில் ஆழ்ந்துவிட்டார். ஒருவர் பொன்னி அரிசி கேட்டு வந்து, அவர் எழுந்திருக்கட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தார். மேனேஜர் ஓரமாக நின்று கேமராவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சிஸ்டர், நம்ம வேலை ரெண்டு பேருக்கும் போச்சு" என்றார்.

ஏரியா மேனேஜர் வந்தார். ஐம்பது வயது, பாலிஷ் போட்ட ஷூ, கையில் டேப்லட். உள்ளே வந்ததும் வலதுபக்கம் திரும்பி, ஸ்டிக்கர் மேல் சரியாகக் கால் வைத்து, டக் டக்கென்று நடந்தார். பருப்பு ரேக் பக்கத்திலிருந்த ஒரு அம்மா, "ஐயய்யோ தம்பி, கால பாத்து வைப்பா!" என்று கத்தினார். எண்ணெய் கொட்டிக்கிடக்கிறது என்று நினைத்து மனிதர் ஒரு துள்ளு துள்ளி ரேக்கைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஸ்டிக்கர் மேல் கால் வைக்க அவருக்கே துணிச்சல் வரவில்லை. ஓரமாகவே நடந்து அரிசி மூட்டைக்கு வந்து சேர்ந்தார்.

மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. பூக்காரி அங்கே கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள். காலடியில் பூ, குங்குமம்.

"இது என்ன?" என்றார் ஏரியா மேனேஜர்.

மேனேஜர் என் பக்கம் கையைக் காட்டினார். மழுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மூன்று வாரமாக அட்டையில் கோடு போட்டவளுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஸ்டிக்கர் தீந்துடுச்சு சார், அதான் இங்க நிக்குது. ஜனங்க சாமி பாதம்னு நெனச்சுக்கினு பூ வெக்கிறாங்க. மஞ்சளா, வெறுங்காலா அனுப்பினா யாரு சார் மிதிப்பாங்க? அதோட வழியும் தப்பு. இது மலை சுத்தற ஊரு. எல்லாரும் இடது பக்கம் திரும்பித்தான் சுத்துவாங்க, நீங்க எதிர்ச்சுத்து போடச் சொல்றீங்க." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இத யோசிச்சவரு ஒரு நாள், ஒரே ஒரு நாள், இங்க வந்து நின்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் சார்."

ஏரியா மேனேஜர் டேப்லட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வெறுங்கால் போடலாம்னு யோசிச்சது நான்தான்" என்றார் அவர்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். நாத்தனார் சிரிப்பது காதில் கேட்டது. மேனேஜர் கண்ணையே மூடிக்கொண்டார். அந்த மூலையில் இப்போது இரண்டு பேர் கண்ணை மூடி நின்றார்கள்.

"இடது பக்கம்தான் திரும்பறாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார். நான் ரேக்குக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்துக்கொடுத்தேன். நின்றபடியே வெகுநேரம் பார்த்தார். இந்தக் கலர் எதற்கு, இந்தக் கோடு ஏன் இரண்டு தடவை சுற்றுகிறது என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பருப்பு வாங்கப் போய்க் கடையை வலம் வந்த வீட்டுக்காரர் கதையையும் சொன்னேன். அதற்குத்தான் அவர் முதல்முறையாகச் சிரித்தார். அட்டையை மடித்து டேப்லட்டோடு வைத்துக்கொண்டு, "நாளைக்கு ஸ்டிக்கர் எல்லாத்தையும் உரிச்சிடுங்க. ரேக்கை இவங்க சொல்ற சுத்துக்கு மாத்துங்க" என்றார். போகும்போது வாசலில் நின்று மேனேஜரிடம், "இவங்க பேப்பரை இன்னிக்கே அனுப்பிடுங்க, நிரந்தரம் பண்ணிடலாம்" என்றது என் காதில் விழுந்தது.

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஊருக்கு உடனே போன் போட்டு, நாத்தனாரைக் கூப்பிட்டு, "மாடு எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. திரும்பினால், அரிசி மூட்டை முன்னால் யாரும் இல்லை. பூ மட்டும் கிடந்தது.

அப்போதுதான் நெஞ்சில் சுருக்கென்றது. மூன்றடி தள்ளி நின்றவள். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்திருக்கும். ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது என்று நான்தானே சத்தம் போட்டுச் சொன்னேன். என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவள் சாமியைப் பிடுங்கிவிட்டேன் என்று தோன்றியது.

அன்று வேலை முடிந்ததும் ரோட்டைத் தாண்டி அவளிடம் போனேன். வெயில் தாழ்ந்தும் தரையிலிருந்து அனல் வந்துகொண்டிருந்தது. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் நிழல் என்று ஒன்றும் இல்லை.

"மத்தியானம் நான் சொன்னத மனசுல வெச்சுக்காதக்கா. நீ கும்பிட்டது கும்பிட்டதுதான்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "ஸ்டிக்கருன்னு எனக்குத் தெரியாதா? நீ குனிஞ்சு குனிஞ்சு ஒட்டினத இங்க உக்காந்துகினு கண்ணாடி வழியா பாத்துகினுதான இருந்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப ஏன்கா தினமும் பூ வெச்ச?"

"அங்கதான் ஏ.சி. நேரா வுழுது" என்றாள். நூலைப் பல்லால் கடித்தாள். "காலைலேர்ந்து இந்த வெயில்ல கெடக்கறேன். பத்து நிமிசம் நின்னுட்டு வந்தா போதும், சாயங்காலம் வரைக்கும் தாங்கும். சும்மா நின்னா நீங்க வுடுவீங்களா? மொத தடவ வந்தப்ப நீதான் 'என்ன வேணுங்க, என்ன வேணுங்க'ன்னு மூணு தரம் வந்து கேட்ட. வேணாத ஷாம்பூவ வாங்கினு ஓடி வந்தேன். இன்னும் அப்படியே கெடக்குது வீட்ல." கோபமே இல்லாமல் சொன்னாள். "சாமி கும்பிடறவங்கள யாரும் கிட்ட வந்து கேக்க மாட்டீங்க இல்ல?"

ஷாம்பூ ரேக் முன்னால் நின்றது இவள்தான். அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. நிற்கிறாள் என்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு எனக்கு ஒரு கட்டைவிரல் பரிசு வேறு. வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு முழம் மல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் ஒரு பிடி ஜாஸ்தியாகவே அளந்து கொடுத்தாள்.

மறுநாள் காலையில் ஸ்டிக்கர்களை உரித்தேன். ஒட்டும்போது வலித்த இடுப்பு உரிக்கும்போது இரண்டு மடங்கு வலித்தது. வாசலிலிருந்து வரிசையாக உரித்துக்கொண்டே போய், கடைசி ஜோடியில் நிறுத்திக்கொண்டேன்.

"அது ஏன் சிஸ்டர் விட்டுட்டீங்க?" என்றார் மேனேஜர்.

"வர மாட்டேங்குது சார். பசை புடிச்சுக்கிச்சு."

அந்தக் கடையில் நான் சொன்ன முதல் பொய் அது. அவர் குனிந்து ஒரு ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஓரம் லேசாகத் தூக்கியது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. கையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மத்தியானம் ஒரு மணிக்கு அவள் வந்தாள். சுற்றிவந்து, தனியாக மிச்சமிருந்த அந்த இரண்டு பாதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பூவை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பில்லிங் பக்கமிருந்து மேனேஜர் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார். சும்மா நிற்கிறவர்களைக் கேட்கப் போகிற அதே நடை. நான் அடுக்கிக்கொண்டிருந்த சோப்பை அப்படியே போட்டுவிட்டுக் குறுக்கே போய் நின்றேன்.

"சாமி கும்பிடறாங்க சார்" என்றேன்.

அவர் பாதத்தைப் பார்த்தார், மேலே ஏ.சி.யைப் பார்த்தார், பிறகு கேமராவைப் பார்த்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கும்பிடட்டும் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பாமல் ஒரு முழுச் சுற்று சுற்றிப் போனார்.